பிக்கிள் பாட்டிலில் தண்ணீர் குறைந்தது ஏன்?

அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் கவுண்டியின் (நம்ம மாவட்டம் மாதிரி) ஃபேரில், அதாவது கண்காட்சிப் போட்டியில், டில் (சதகுப்பை) பிக்கிள் பிரிவுக்குப் பெயர் கொடுத்திருந்தேன். நம்ம ஊர் ஊறுகாய் மாதிரி இல்லை. வினிகரும் உப்பும் கலந்த தண்ணீரில் மூழ்கிய வெள்ளரி. நடுவர்கள் ருசி பார்ப்பதற்கு முன்பே பாட்டிலை உற்றுப் பார்ப்பார்கள். மூடிக்கும் தண்ணீருக்கும் நடுவே அரை அங்குலம் இருக்க வேண்டும்.

நிரப்பும்போது சரியாகத்தான் இருந்தது. மூடிய பாட்டிலைக் கொதிநீரில் 10 நிமிடம் (கடல்மட்டத்திலிருந்து 1000 அடிக்குக் கீழே இருக்கும் எங்கள் ஊருக்கு உரிய நேரம்) வைத்து எடுத்தால் ஒரு அங்குலத்துக்கு மேல் காலி. வெள்ளரி நுனி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மூடி இறுகியிருந்ததால் சாப்பிட ஒன்றும் கெடுதல் இல்லை, போட்டிக்குத்தான் ஆகாது. திறந்து ஊற்றவும் வழியில்லை, சீல் போய்விடும்.

அடுத்த முறை விளிம்பு வரை ஊற்றினேன். இன்னும் அதிகமாக வழிந்தது. மூடியைப் பிடித்து வைக்கும் திருகு வளையத்தை அழுத்தித் திருகினேன், மூடி நெளிந்தது. வேறு கம்பெனி பாட்டிலும் அதே கதை.

பிறகுதான் கண்ணில் பட்டது: பாட்டிலைத் தூக்கி மேடையில் வைத்த பிறகே மூடி ஓரத்தில் வினிகர் சீறுகிறது. உள்ளே இன்னும் கொதி, வெளியே சட்டென்று குளிர்ந்த காற்று. அடுப்பை அணைத்து, பானை மூடியைத் திறந்து, 5 நிமிடம் பாட்டிலை அந்த நீரிலேயே விட்டேன். மூடுவதற்கு முன் மரக்குச்சியை ஓரமாக இறக்கிக் காற்றுக் குமிழிகளையும் எடுத்துவிட்டேன். கத்தி வேண்டாம், கண்ணாடி கீறும்.

அரை அங்குலம் அப்படியே நின்றது. ஒப்படைக்கும் முன் வளையத்தைக் கழற்றித் துடையுங்கள். அதன் அடியில் துரு ஒளிந்திருக்கும்.