குழந்தையின் முதல் பிறந்தநாள்: தூக்க நேரத்தைப் பார்த்துத் திட்டமிடுவது எப்படி?

எங்கள் மகளின் முதல் பிறந்தநாளுக்கு மாலை ஆறரை மணி என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். அன்று மதியம் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தமும் ஆள் நடமாட்டமுமாக இருந்ததால் அவள் தூங்கவே இல்லை. கேக் முன்னால் உட்கார வைத்ததும் முப்பது பேர் ஒன்றாகக் கைதட்டினார்கள். கீழுதடு பிதுங்கியது, கண் நிறைந்தது, என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். எல்லோரும் கிளம்பும் வரை இறங்கவில்லை. இரண்டாவது குழந்தைக்கு நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு மற்றதை எல்லாம் அப்புறம்தான் யோசித்தோம். அந்த வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: குழந்தையின் கடிகாரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். குழந்தை எப்போது எழுகிறது, எப்போது சாப்பிடுகிறது, பகலில் எப்போது தூங்குகிறது என்று ஒரு வாரம் எழுதி வாருங்கள். ஒரு வயதில் ஒரு நாளைக்கு, பகல் தூக்கத்தையும் சேர்த்து, 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. பகலில் இரண்டு முறை தூங்கிய குழந்தை ஒரு முறைக்கு மாறுவதும் பெரும்பாலும் இதை ஒட்டிய மாதங்களில்தான். அதனால் போன மாதக் கணக்கை நம்ப வேண்டாம்.

தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, அரை மணி நேரம் ஆனதும் வரும் வேளைதான் விழாவுக்கு ஏற்றது. பல குழந்தைகளுக்கு அது முற்பகலாகவோ பிற்பகலாகவோ இருக்கும். ஒன்றரை மணி நேரம் போதும், இரண்டு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். அழைப்பிதழில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் போடுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பிறந்த தேதியிலேயே நடத்தியாக வேண்டும் என்றும் இல்லை. அருகில் வரும் விடுமுறை நாள் எல்லோருக்கும் வசதி.

படி 2: யாரை அழைப்பது?

இந்த வயதில் தெரியாத முகங்களைக் கண்டு மிரள்வது இயல்பு. குழந்தை யாருடைய மடியில் அழாமல் உட்காருமோ, அவர்களை முதலில் எழுதுங்கள். மற்றவர்களை அழைக்கக் கூடாது என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய கூட்டம் தவிர்க்க முடியாதது என்றால் இரண்டாகப் பிரித்துவிடலாம்: கேக் வெட்டுவது நெருங்கியவர்களோடு, பெரியவர்களுக்கான விருந்து வேறொரு நாளில்.

படி 3: இடத்தைத் தரையிலிருந்து பாருங்கள்

முழங்காலிட்டுக் குழந்தையின் உயரத்திலிருந்து அறையைச் சுற்றிப் பாருங்கள். தொங்கும் மேசைவிரிப்பின் நுனி, ஒயர், மேசை முனை, கீழே விழுந்த குண்டூசி எல்லாம் அப்போதுதான் கண்ணில் படும். டாய்லெட் பேப்பர் சுருளின் நடுவில் உள்ள அட்டைக்குழாய்க்குள் நுழையும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கலாம். சோதித்துப் பார்க்க அந்தக் குழாயே போதும். அப்புறம், அமைதியான ஓர் அறையைக் கட்டாயம் ஒதுக்குங்கள். டயப்பர் மாற்றவும், பால் கொடுக்கவும், அழுதால் எடுத்துப்போகவும் அது வேண்டும்.

படி 4: அலங்காரம்

சுவரில் ஒரே ஒரு மூலையை மட்டும் அலங்கரியுங்கள், படங்களுக்கு அது போதும். ஜன்னல் வெளிச்சம் விழும் பக்கமாக இருந்தால் ஃபிளாஷே வேண்டாம்.

பலூன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். வெடித்த ரப்பர் பலூனின் துண்டு குழந்தையின் வாய்க்குள் போனால் மூச்சுக்குழாயை அப்படியே அடைத்துவிடும். ஊதாத பலூனும் அதே ஆபத்துதான். காகிதத் தோரணம் இதைவிட நல்லது. பலூன் வேண்டும் என்றால் எட்டாத உயரத்தில் கட்டுங்கள், வெடித்தால் அந்த நிமிடமே துண்டுகளைப் பொறுக்குங்கள்.

படி 5: கேக்கும் சாப்பாடும்

இரண்டு கேக் வைப்பது நல்ல வழி. பெரியது விருந்தினருக்கு. குழந்தை கைவிட்டுப் பிசைய, சர்க்கரை சேர்க்காத, வாழைப்பழத்தின் இனிப்பு மட்டும் உள்ள சின்னதாக ஒன்று. இரண்டு வயதுக்குள் சேர்த்த சர்க்கரையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். விழாவை ஒரு வயது நிரம்பும் முன்பே வைத்தால் தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய, கைக்குழந்தைகளைக் கடுமையாக நோயுறச் செய்யும் போட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அடுப்புச் சூட்டிலும் அழியாமல் தாக்குப்பிடிக்கும்.

முட்டை, பால், கோதுமை, கொட்டை வகைகள் இவற்றில் குழந்தை இதுவரை சாப்பிடாதது எதுவும் கேக்கில் இருந்தால், அதை விழாவன்று முதல் முறையாகக் கொடுக்காதீர்கள். சில நாள் முன்பே வீட்டில் கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

மற்ற குழந்தைகளும் வருவார்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். முழுக் கொட்டைகள், பாப்கார்ன், கெட்டியான மிட்டாய் ஆகியவை சின்னக் கை எட்டும் மேசையில் வேண்டாம்.

படி 6: அன்றைய தினம்

கேக்கைக் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள். விருந்தினர் வந்து சேர்ந்த அரை மணி நேரத்தில், குழந்தை உற்சாகமாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். பாட்டை மெதுவாகப் பாடச் சொல்லுங்கள். பலமாகக் கைதட்டுவதற்குப் பதில் கையை ஆட்டச் சொன்னோம், எங்கள் மகன் பதிலுக்குக் கையாட்டினான். மெழுகுவத்தியை நீங்கள் ஊதி, சூடான மெழுகோடு அப்புறப்படுத்திய பிறகே தட்டை அருகில் நகர்த்துங்கள். புது உடை உறுத்தினால் உடனே பழைய பருத்திச் சட்டைக்கு மாற்றிவிடுங்கள். ஒருவரிடம் படம் எடுக்கும் வேலையை முழுதாக ஒப்படைத்துவிட்டு நீங்கள் குழந்தையோடு இருங்கள்.

பரிசுகளை அன்றே பிரிக்க வேண்டாம். மறுநாள் முதல் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். விளக்கு எரியும், பாட்டுப் பாடும் பொம்மைகளிலும் வாழ்த்து அட்டைகளிலும் பட்டன் பேட்டரி இருக்கும். விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அதன் மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே குழந்தையின் கையில் கொடுங்கள்.