கோமாரி கண்ட ஊரில் மாட்டை நகர்த்தலாமா?

மாட்டின் வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வரவழைக்கும் தொற்றுநோயான கோமாரி வந்த ஊரிலிருந்து முதலில் சந்தைக்குப் போவது நோய் கண்ட மாடு அல்ல, பக்கத்துக் கொட்டகையில் நன்றாக நிற்கும் மாடு. நோய் வருமுன் விற்றுவிடலாம் என்ற அவசரம். ஆனால் கிருமி புகுந்து கொப்புளம் தெரிய 2 முதல் 14 நாள் ஆகலாம். அதற்கு முன்பே எச்சில், மூச்சு, பால் எல்லாவற்றிலும் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். தரகர் பல்லைப் பிடித்துப் பார்த்தாலும் அது தெரியாது.

வாயில் நுரை ஒழுகினாலோ, மாடு காலை உதறி நொண்டினாலோ தனியே கட்டுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமோ ஊராட்சியிலோ உடனே சொல்லுங்கள். 2009-ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டப்படி இது உரிமையாளரின் கடமை. கால்நடை மருந்தகத்துக்கும் தகவல் கொடுங்கள்; மாட்டை அங்கே ஓட்டிப் போகாமல் டாக்டரை வரவழையுங்கள். கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்துவிட்டால் மாட்டை வெளியே ஓட்டவும் சந்தை கூட்டவும் தடை விழும். சோதனைச் சாவடியில் காதுவில்லையின் 12 இலக்க எண்ணையும் தடுப்பூசிச் சான்றையும் கேட்பார்கள். நேற்று ஊசி போட்டு இன்று ஏற்றினால் பயனில்லை, எதிர்ப்புச் சக்தி வர ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். கிருமி ஏற்கெனவே உள்ளே இருந்தால் அந்த ஊசி காக்காது.

மாடு நின்றாலும் சக்கரமும் செருப்பும் நகர்கின்றன. 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவை சோடா கரைத்து, கொட்டகை வாசலில் சாக்கை நனைத்துப் போடுங்கள். சமையல் சோடா வேண்டாம், அதன் காரம் இந்தக் கிருமிக்குப் போதாது. முதலில் சாணியைச் சுரண்டிக் கழுவிவிட்டு அப்புறம் கரைசலை ஊற்றுங்கள். சாணி அப்பியிருந்தால் அடியில் இருப்பது பிழைத்துக்கொள்ளும். பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். வண்டியின் தரைப் பலகை இடுக்கையும் விடாதீர்கள்.

பால்காரரும் சினை ஊசி போடுபவரும் வீடு வீடாகப் போகிறவர்கள். கேனைத் தெருவிலேயே கைமாற்றுங்கள். நோய் கண்ட பசுவிடம் கன்றை ஊட்ட விடாதீர்கள். இதயம் தாக்கிக் கன்று திடீரென்று விழுந்து சாகும்.

புண் ஆறிய மாட்டின் தொண்டையில் கிருமி மாதக்கணக்கில் தங்கலாம். அதனால் தடை நீங்கிய பின் வாங்கும் மாட்டையும் 21 நாளாவது தனிக் கொட்டகையில், தனித் தொட்டியில் தண்ணீர் காட்டி வையுங்கள். அதைப் பார்க்கிற ஆள் மற்ற மாடுகளை முடித்துவிட்டுக் கடைசியாகப் போகட்டும்.