அடையாள அட்டைப் பிரதியைக் கொடுப்பதற்கு முன்

சென்ற ஆண்டு ஹட்டனில் புதிய சிம் வாங்கப் போனபோது, என் அடையாள அட்டை இலக்கத்தில் நான் அறியாத இரண்டு இணைப்புகள் இருப்பது தெரிந்தது. எங்கோ நான் கொடுத்த போட்டோ பிரதி யார் கைக்கோ போயிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

1. உங்கள் இலக்கத்தைப் படித்துப் பாருங்கள். 2016 முதல் இலங்கையில் வழங்கப்படும் 12 இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும், பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணி, அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. ஜனவரி 15இல் பிறந்த ஆணுக்கு 015. பெண்ணுக்கு 500 கூட்டி 515. பிறந்த திகதியை வங்கி அட்டையின் இரகசிய இலக்கமாக வைத்திருந்தால் இன்றே மாற்றுங்கள்.

2. பிரதியை வெறுமனே கொடுக்காதீர்கள். குறுக்கே இரண்டு கோடுகள் இழுத்து, இடையே யாருக்கு, எதற்கு, என்றைக்கு என்று எழுதுங்கள்: “மின் இணைப்பு விண்ணப்பத்துக்கு மட்டும்” என்பதுபோல. நான் தவறியது இங்கேதான். தாளின் அடியில் இருந்த வெற்றிடத்தில் எழுதினேன். அதைக் கத்தரித்துவிட்டு மறுபிரதி எடுத்தால் எழுதிய சுவடே இராது. அட்டையின் படத்தின் மேலேயே எழுத வேண்டும். முகமும் இலக்கமும் மட்டும் தெளிவாகத் தெரியட்டும். பின்பக்கத்துக்கும் அப்படியே. கறுப்புக் குமிழ்முனைப் பேனைதான் வேண்டும், பென்சில் அழிந்துவிடும். இதைச் செய்துதரும் கைபேசிச் செயலிகளை நான் நம்புவதில்லை. அட்டையின் படத்தை அவற்றுக்கும் ஏன் கொடுக்க வேண்டும்?

கடையில் பிழையாக எடுபட்ட பிரதிகளையும் கேட்டு வாங்கிக் கிழித்துவிடுங்கள். தோட்ட லயத்தில் ஐந்தாறு பேரின் அட்டைகளை ஒருவரே டவுனுக்குக் கொண்டுபோவது நமக்கு வழக்கம். பிரதிகள் முதலில் வீட்டுக்கு வரட்டும். அவரவர் எழுதிய பிறகு அலுவலகம் போகட்டும்.

3. கொழும்பில் வேலை வாங்கித் தருகிறேன் என்பவருக்கு வாட்ஸ்அப்பில் அட்டைப் படம் அனுப்ப வேண்டாம். வேலைக்கு அலையும் நம் பிள்ளைகளைத்தான் இது அதிகம் வதைக்கிறது.

4. தொலைபேசி நிறுவனத்தின் சேவை நிலையத்துக்கு அட்டையுடன் நேரில் சென்று, உங்கள் பெயரிலுள்ள இணைப்புகளைக் கேளுங்கள். தெரியாத கடன் இருக்கிறதா என்று அறிய, கடன் தகவல் பணியகத்திடம், அதாவது கிரிப்பிடம், உங்கள் அறிக்கையைப் பெறலாம்.

5. தெரியாத இணைப்பு இருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்து, அதன் பிரதியுடன், இணைப்பைத் துண்டிக்கும்படி தொலைபேசி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டு நான் மூன்று வாரம் அலைந்தேன். இணையக் கணக்கு களவுபோனால் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான இலங்கை சேர்ட்டின் 101ஐ அழையுங்கள்.

பின்சேர்க்கை: கோடிட்ட பிரதியை ஓர் அலுவலகத்தில் ஏற்கவில்லை என்று பண்டாரவளையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருந்தார். அவருடைய கோடு இலக்கத்தின் மேல் விழுந்திருந்தது. புதிய பிரதியில் கோட்டைச் சற்று மேலே இழுத்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார்களாம்.