அம்மாயி ஊர் பத்தாங்காஸ் என்றால்

கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்றாலே அப்புச்சி வீடுதான், அதாவது அம்மாவைப் பெற்றவர்கள் வீடு. தாய் பிலிப்பைன்ஸைச் சேர்ந்தவரானால் அந்த வீடு லூசோன் தீவின் பத்தாங்காஸில் இருக்கலாம். நினைத்தபோது போய்வர இயலாது. ஆகவே அந்த வீட்டின் பழக்கங்களை இங்கே திருப்பூரிலேயே அன்றாடம் புழங்கச் செய்ய வேண்டும். வரலாற்றைச் சொல்வது மட்டும் போதாது. 1898ஆம் ஆண்டு ஜூன் 12 அன்று பிலிப்பைன்ஸ் விடுதலையை அறிவித்தது என்பதை என் மகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிவந்தேன். அது அவளுக்குப் பாடமாக மட்டுமே பட்டது.

பேச்சிலிருந்து தொடங்குங்கள். தாய் பிள்ளையிடம் தகாலோக் மொழியிலேயே பேசட்டும். தெருவும் பள்ளியும் தமிழைக் கொடுத்துவிடும். அம்மொழியில் பெரியவர்களிடம் பேசும்போது 'போ' என்ற சொல்லைச் சேர்ப்பதுதான் மரியாதை. 'ஆமாங்க' என்பதற்கு 'ஓப்போ' என்பார்கள். நம் காதுக்கு அது 'போ' என்று விரட்டுவதைப் போலக் கேட்கும் என்பதால், அப்பத்தாவிடம் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். நாம் பேச்சுக்குப் பேச்சு சேர்க்கும் 'ங்க' எதுவோ, அதுவே அவர்களுடைய 'போ' என்று சொன்னதும் என் தாயார் உடனே புரிந்துகொண்டார்.

பெரியவரின் கையைப் பற்றித் தன் நெற்றியில் வைத்து ஆசி பெறுவது அங்குள்ள வழக்கம். அதை 'மானோ' என்பார்கள். பிள்ளை அதை அப்பத்தாவிடமும் செய்யட்டும்.

சமையலில் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கோழி, இஞ்சி, பச்சைப் பப்பாளியோடு முருங்கைக்கீரை சேர்க்கும் தினோலா என்ற சாறுக்கு, மூலனூர்ப் பக்கத்துக் கீரையே போதும்.

பிள்ளையின் முகத்தைப் பார்த்து எந்த நாடு என்று பள்ளியில் கேட்பார்கள். கோபமோ கூச்சமோ இன்றி, "அம்மா ஊர் பத்தாங்காஸ், அப்பா ஊர் தாராபுரம், நான் இரண்டு ஊருக்கும் பிள்ளை" என்று சொல்ல வீட்டிலேயே பழக்குங்கள்.

எல்லாவற்றினும் முக்கியமாக நான் கருதுவது காதுகுத்து. தாய்மாமன் தொலைவில் இருக்கிறார் என்பதற்காக வேறொருவர் மடியில் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். தாய்வழிக்குரிய இடத்தை நாமே பறித்ததாகிவிடும். அவருக்கு விடுமுறை கிடைக்கும் வரை நாளைத் தள்ளிவையுங்கள், மாமன் சீர் என்றால் என்ன என்பதைத் தொலைபேசியில் பொறுமையாக விளக்குங்கள். நாங்கள் மகளுக்கு ஐந்து வயதாகும் வரை காத்திருந்தோம். வேட்டி கட்டிய மாமன் மடியில் அமர்ந்து, வலியில் அவள் அழைத்தது தகாலோக்கில்தான்.