ஸ்கிராப்புக்கிற்கும் காகிதக் கைவினைக்கும் சாக் வண்ணங்கள்: தேர்வும் பயன்பாடும்

வெட்டிய காகித உருவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி முடித்த பிறகும் பக்கம் தட்டையாகவே தெரிகிறது என்பது, புகைப்படங்களையும் காகித அலங்காரங்களையும் ஒட்டி ஆல்பமாக்கும் ஸ்கிராப்புக் செய்பவர்களில் பலருக்கும் உள்ள குறை. காகிதத்தின் நிறமும் வடிவமும் சரியாக அமைந்திருந்தாலும், ஓரங்களில் நிழல் இல்லாததால் ஓர் உருவம் இன்னொன்றிலிருந்து பிரிந்து எழுவதில்லை. அந்த நிழலைக் கொடுப்பதற்குச் சாக் வண்ணத்தைவிட எளிய பொருள் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அதில் தண்ணீர் கலக்காததால் காகிதம் நெளிவதில்லை. காயும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. பூசியது பிடிக்காவிட்டால் பெரும்பாலும் அழித்துவிடவும் முடியும். ஆனால் இந்த நன்மைகள் எல்லாம் சரியான சாக்கை வாங்கி, மிகக் குறைவாக எடுத்து, பொறுமையாகப் படிப்படியாகப் பூசுபவருக்கே கிடைக்கும்.

எதை வாங்குவது

கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் இந்த வேலைக்கு உதவாது. அது ஜிப்சம் அல்லது கால்சியம் கார்பனேட்டை அச்சில் வார்த்துச் செய்யப்படுவது. எளிதில் துடைத்து அழிப்பதற்கென்றே உருவானது என்பதால் காகிதத்தில் ஊன்றி நிற்பதில்லை, அதிலுள்ள நிறமும் மிகக் குறைவு. கைவினைக்கான சாக் வண்ணமோ தன்மையில் சாஃப்ட் பேஸ்டலுக்கு நெருங்கியது. நன்றாக அரைத்த நிறமி, அதற்கு உடல் கொடுக்கும் சுண்ணாம்புத்தூள் அல்லது வெண்களிமண், இவற்றைச் சேர்த்துப் பிடிக்கச் சிறிதளவு பிசின் ஆகியவையே அதன் உட்பொருள்கள். பிசின் குறைவாக இருக்கும்போது லேசாகத் தொட்டாலே நிறம் ஒட்டும். கூடிவிட்டால் கட்டி இறுகி, அழுத்தித் தேய்த்தாலும் வெளிறிய கோடுதான் விழும்.

கடைகளில் இது மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. சிறு குழிகளில் அழுத்தி நிரப்பிய வில்லைகளாகப் பல நிறங்கள் ஒரே பெட்டியில் வருவது முதல் வகை. புதிதாகத் தொடங்குபவர்கள் இதையே வாங்கலாம். இரண்டாவது, சாஃப்ட் பேஸ்டல் குச்சிகள். இவற்றைக் காகிதத்தில் நேரடியாகத் தேய்க்காமல், ஒரு பிளேடின் விளிம்பால் சுரண்டித் தூளாக்கிப் பஞ்சால் தொட்டுப் பூச வேண்டும். நிறம் செறிவாக இருக்கும், சிறிய குச்சி நெடுநாள் வரும். மூன்றாவது, பேன்பேஸ்டல் போல வட்டக் கிண்ணங்களில் வரும் மிருதுவான வகை. இதில் தூசி குறைவு, நிறங்கள் ஒன்றோடொன்று வழுவழுப்பாகக் கலக்கும், ஆனால் விலை அதிகம். பின்னணி முழுவதையும் வண்ணமாக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்தச் செலவு தகும், ஓரங்களுக்கு மட்டும் நிழலிடுபவர்களுக்குத் தேவையில்லை.

வாங்கும்போது குழப்பம் தரும் பொருள்கள் இரண்டு உண்டு. ஆயில் பேஸ்டல் பார்வைக்குச் சாக் குச்சி போலவே இருந்தாலும் எண்ணெயும் மெழுகும் கலந்தது. அது முழுமையாகக் காய்ந்து இறுகுவதில்லை, எண்ணெய் காகிதத்தின் மறுபக்கம் ஊறும், எதிர்ப்பக்கத்துப் புகைப்படத்திலும் ஒட்டும். ஆகவே ஆல்பத்தின் பக்கத்தில் அதற்கு இடமே தரக்கூடாது. சாக் இங்க் என்ற பெயரில் வரும் மைத்திண்டில் (இங்க் பேட்) இருப்பதோ உண்மையில் நிறமி மை. காய்ந்ததும் பளபளப்பின்றிச் சாக் போலத் தோன்றும் என்பதால்தான் அந்தப் பெயர். ஓரங்களில் கூர்மையான கோடு வேண்டுமென்றால் அது நல்ல பொருள்தான், ஆனால் காய்ந்த பிறகு அழிக்க முடியாது.

அமிலமற்றது என்ற குறிப்பு பெட்டியின் மேல் இருக்க வேண்டும். எனினும், பக்கம் மஞ்சளடிப்பதற்குப் பெரும்பாலும் சாக்கைவிடக் காகிதமே காரணம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சாக்கில் சேரும் சுண்ணாம்புத்தூளான கால்சியம் கார்பனேட் இயல்பிலேயே காரத்தன்மை உடையது. நீடித்து நிற்கும் காகிதங்களில் அமிலத்தைத் தடுப்பதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். மலிவான மரக்கூழ்க் காகிதத்தில் தங்கிவிட்ட லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்திலும் காற்றிலும் பழுப்பேறும் என்பதால், அமிலமும் லிக்னினும் நீக்கப்பட்ட கார்டு ஸ்டாக் அட்டைக்குச் செலவழித்த பிறகே சாக்கின் தரத்தைப் பற்றிக் கவலைப்படுவது முறை.

நிறம் மங்குவது தனிப் பிரச்சினை. இளஞ்சிவப்பு, ஊதா வகைகளில் சில வெளிச்சத்தில் விரைவாக வெளிறும். இரும்பு ஆக்சைடு கலந்த காவி, செம்மண், பழுப்பு நிறங்கள் நன்றாகத் தாங்கும். மூடிய ஆல்பத்துக்குள் இருக்கும் பக்கத்துக்கு இது பெரிய கவலை அன்று. சட்டமிட்டுச் சுவரில் மாட்டப்போகும் வேலை என்றால், ஒவ்வொரு நிறத்தையும் ஒரு துண்டுக் காகிதத்தில் பட்டையாகப் பூசி, பாதியைக் கனத்த அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வேறுபாடு தெரிகிற நிறங்களைச் சட்டமிடும் வேலைகளிலிருந்து ஒதுக்கிவிடலாம்.

ஏஎஸ்டிஎம் டி-4236 என்ற அமெரிக்கத் தர எண் பெட்டியில் இருந்தால், நாட்பட்ட உடல்நலக் கேடுகள் உள்ளனவா என்று ஆராய்ந்து, தேவையான எச்சரிக்கையுடன் லேபிள் இடப்பட்டிருக்கிறது என்பதே பொருள். தீங்கே இல்லை என்ற உறுதியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. குழந்தைகளும் சேர்ந்து வேலை செய்வார்கள் என்றால் நச்சற்றது என்பதைக் குறிக்கும் ஏபி முத்திரை உள்ளதைத் தேடி வாங்குங்கள்.

நிறங்களின் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். நடுத்தரப் பழுப்பு, அடர் பழுப்பு, சாம்பல் கலந்த நீலம், அடர் பச்சை, ரோஜா, காவி மஞ்சள், வெள்ளை ஆகியவை இருந்தால் பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும். எந்தப் பெட்டியிலும் முதலில் தீர்ந்துபோவது பழுப்புதான். கறுப்பை நிழலுக்குப் பயன்படுத்தினால் பக்கம் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும்; காகிதத்தின் நிறத்திலேயே இரண்டு படி அடர்ந்ததை எடுப்பதுதான் சரி. அடர்நிறக் காகிதத்தில் கருமையான சாக் தெரியவே தெரியாது என்பதால், அங்கே வெள்ளையாலும் வெளிர் நிறங்களாலும் ஒளியைக் காட்ட வேண்டும்.

கருவிகளும் காகிதமும்

கண்ணிமையில் ஐஷேடோ பூசும் ஸ்பாஞ்ச் முனைக் குச்சி ஓரங்களுக்கு மிகப் பொருத்தமானது. முகத்துக்குப் பயன்படுத்தியதை இதற்கு எடுக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய்ப்பசை காகிதத்தில் கறையாகும். காது சுத்தம் செய்யும் பஞ்சுக் குச்சி சிறிய இடங்களுக்கும், பஞ்சு உருண்டை பரந்த பின்னணிக்கும் ஏற்றவை. வெளிர் நிறங்களுக்கு ஒன்று, சிவப்பு வகைக்கு ஒன்று, நீலமும் பச்சையுமான வகைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று எனக் குச்சிகளைப் பிரித்து வைத்துக்கொண்டால் மஞ்சள் ஒருபோதும் சேறாகாது.

விரலால் தேய்ப்பதில் கிடைக்கும் மென்மை எந்தக் கருவியிலும் கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் விரலில் கிரீமோ வியர்வையோ இருந்தால், காகிதம் அந்த ஈரப்பசையை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அந்தத் தடம், சாக் தூள் மேலே பட்ட கணத்தில் சுற்றியுள்ள இடத்தைவிட அடர்ந்த ஒரு திட்டாக எழுந்துவிடும். பிறகு எந்த ரப்பராலும் அது முழுமையாகப் போவதில்லை. ஆகையால் கையை நன்றாகக் கழுவித் துடைத்து, காகிதத்தை ஓரங்களில் மட்டும் பிடித்து வேலை செய்வது அவசியம்.

காகிதத்தின் மேற்பரப்பில் சிறிது சொரசொரப்பு இருந்தால்தான் தூள் தங்கும். பளபளப்பான பூச்சிட்ட தாளில் அது வழுக்கிப் போய்விடும்.

ஓரத்துக்கு நிழலிடும் முறை

பச்சைக் காகிதத்தில் வெட்டிய ஓர் இலையை எடுத்துக்கொள்வோம். அதை ஒரு பழைய தாளின்மேல் வைத்து, ஸ்பாஞ்ச் முனையை அடர்பச்சை வில்லையில் ஒரே ஒருமுறை தடவி, பெட்டியின் விளிம்பில் தட்டி உதிர்த்து, முதலில் அந்தப் பழைய தாளிலேயே ஒரு தேய்ப்புத் தேய்க்க வேண்டும். முனையில் குவிந்திருக்கும் தூளை இந்த முதல் தேய்ப்பு எடுத்துவிடும். பிறகு இலைக்கு வெளியே, அடித்தாளில் தொடங்கி, சிறு வட்டங்களாக இலையின் ஓரத்தைக் கடந்து உள்ளே வாருங்கள். வெளியே தொடங்குவதால் நிறத்தின் செறிவான பகுதி விளிம்பிலும், மெலிந்து கரையும் பகுதி உட்புறத்திலும் தானாகவே அமையும். உள்ளே தொடங்கி வெளியே இழுத்தால் இது தலைகீழாகி, இலையின் நடுவில் திட்டுத் திட்டாக நிறம் நின்றுவிடும். ஒரு சுற்று முடிந்ததும் இலையைத் தூக்கித் தட்டி, கையை நீட்டித் தள்ளிவைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் மட்டும் அடுத்த சுற்று. கடைசியாக, நடு நரம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் மெல்லிய கோடாக அதே நிறத்தைக் கொடுத்தால் இலை மடிந்ததுபோலத் தெரியும்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை முன்னதாகவே முடிவு செய்துவிடுங்கள். மேல் இடதுபுறம் என்று வைத்துக்கொண்டால், பக்கத்திலுள்ள ஒவ்வோர் உருவத்துக்கும் கீழ் வலதுபுறத்திலேயே நிழல் அடர்ந்திருக்க வேண்டும். எல்லா ஓரங்களிலும் ஒரே அளவாகப் பூசிச் சட்டம் கட்டியதுபோலச் செய்வதை நான் விரும்புவதில்லை. அது உருவத்தை மேலே எழுப்புவதற்குப் பதிலாக அடைத்துவிடுகிறது.

கிழித்த ஓரத்தில் சாக் தனி அழகு பெறும். காகிதத்தின் மேல்பக்கம் உங்களைப் பார்த்திருக்க, ஒரு பகுதியை உங்கள் பக்கமாக இழுத்துக் கிழிக்கும்போது, அது மற்றப் பகுதியின் மேற்படலத்தையும் உரித்துக்கொண்டு வருவதால், நிலையாகப் பிடித்திருக்கும் பகுதியின் ஓரத்தில் உள் இழைகள் வெளிப்படும். வெண்மையான உட்புறம் கொண்ட காகிதமாக இருந்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பிரிந்து நிற்கும் இழைகள் தூளை ஆவலுடன் பற்றிக்கொள்வதால், ஒரே தொடுகையில் நிறம் செறிவாக ஏறும். மணல், மலை, அலை போன்ற உருவங்களுக்கு இதுவே போதும்.

ஸ்டாம்ப், ஸ்டென்சில், புடைப்பு

வெர்சாமார்க் போன்ற நிறமற்ற, மெதுவாகக் காயும் மையில் ரப்பர் ஸ்டாம்பைப் பதித்து, ஈரம் இருக்கும்போதே பஞ்சால் சாக் தூளை ஒற்றி எடுத்தால், மை பட்ட இடத்தில் மட்டும் நிறம் பிடித்துக்கொள்ளும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். தேய்த்தால் மை கலைந்து கோடுகள் மங்கும். ஒரே பூவில் இதழுக்கு ரோஜாவும் காம்புக்குப் பச்சையுமாகப் பல நிறங்களை ஒற்ற முடிவதுதான் இந்த முறையின் சிறப்பு. மிகுதித் தூளை உலர்ந்த பஞ்சால் நீக்கிவிட்டு, மை முழுதும் காய விடுங்கள்.

அதே மையின்மேல் நிறமற்ற எம்பாஸிங் பொடியைத் தூவி, சூடான காற்றை வீசும் ஹீட் கன்னால் உருக்கினால், கோடுகள் வழுவழுப்பான மேடாகும். அவை ஆறிய பின் மேலே தாராளமாகச் சாக் பூசி, மெல்லிய துணியால் கோடுகளை மட்டும் துடைத்தால், வண்ணப் பின்னணியில் காகிதத்தின் நிறத்திலேயே சித்திரம் நிற்கும். அச்சில் அழுத்திப் புடைப்பித்த காகிதத்திலோ, தட்டையான ஸ்பாஞ்சை அழுத்தமின்றி மேடுகளின்மேல் மட்டும் ஓட்டினால் போதும். உருவம் வெட்டிய தகடான ஸ்டென்சிலில் ஓரத்திலிருந்து நடுப்பகுதியை நோக்கிப் பூசி, தகட்டை நகர்த்தாமல் நேராக மேலே தூக்க வேண்டும்.

வேலையின் வரிசை

சாக் வேலை முழுவதையும் ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். தூள் படிந்த இடத்தில் பசையோ இரட்டைப்பக்க டேப்போ சரியாகப் பிடிக்காது. எழுத வேண்டியதையும் முன்னரே நிறமி மைப் பேனாவால் எழுதி நன்றாகக் காயவிட வேண்டும். சாக் பூசிய இடத்தில் எழுதினால் தூள் பேனா முனையை அடைத்து, விரைவில் அதைக் கெடுத்துவிடும். புகைப்படம் எப்போதும் கடைசியாகத்தான் பக்கத்துக்கு வர வேண்டும். அதன் மேற்பரப்பில் கிடக்கும் தூளை விரலால் துடைத்தால் நுண்ணிய கீறல் விழக்கூடும். மிருதுவான தூரிகையால் மட்டும் தள்ளிவிடுங்கள். தூளை வாயால் ஊதும் பழக்கத்தையும் கைவிடுவது நல்லது: எச்சில் துளி ஒன்று பட்டாலே அங்கே புள்ளி விழும், கிளம்பும் தூசி மூச்சிலும் சேரும். தாளைச் செங்குத்தாக நிறுத்திப் பின்பக்கம் தட்டினால் போதும்.

தவறிப் பூசியதை எடுக்க, பிசைந்து பயன்படுத்தும் மென்மையான ரப்பரைத் தேய்க்காமல் அழுத்தி அழுத்தித் தூக்குங்கள். மீதம் இருப்பதை வெள்ளை ரப்பரால் அழிக்கலாம்.

மெல்லியதாகப் பூசி நன்றாகத் தேய்த்த சாக்குக்குப் பாதுகாப்புப் பூச்சு தேவைப்படுவதில்லை என்பதே என் எண்ணம். கனமாகப் பூசிய பின்னணிக்கு மட்டும், தூளை நிலைநிறுத்தும் ஃபிக்சேட்டிவ் ஸ்ப்ரேயைக் காற்றோட்டமான வெளியிடத்தில், ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவிலிருந்து, இரண்டு மெல்லிய அடுக்குகளாகத் தெளிக்கலாம். நிறங்கள் ஒரு படி கருத்துவிடும் என்பதால் முதலில் துண்டுக் காகிதத்தில் சோதிப்பது அவசியம், புகைப்படத்தின்மேல் அது படவே கூடாது. முடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரேயை இதற்கு மாற்றாகச் சிலர் சொல்வார்கள்; நாளடைவில் மஞ்சளடிக்கக்கூடிய அந்தப் பொருளை நெடுங்காலம் வைத்திருக்கப்போகும் பக்கத்தில் தெளிக்க வேண்டாம்.

பக்கத்தை இடும் உறை பாலிபுரொப்பிலினால் ஆனதாக இருக்கட்டும். பிவிசி உறைகள் படங்களுக்குக் கேடு செய்யும். எந்தப் பிளாஸ்டிக் உறையிலும் நிலைமின்சாரம் ஏறும் என்பதையும், அது தளர்ந்த தூளை மேலே இழுத்து உறையின் உட்புறத்தில் மங்கலாகப் படியவைக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு, பக்கத்தை நன்றாகத் தட்டி உதிர்த்த பிறகே உள்ளே செருகுங்கள். உறையை விரலால் தேய்த்துத் துடைப்பது நிலைமின்சாரத்தை இன்னும் கூட்டும்.

சாக் பெட்டியைச் சாய்க்காமல் கிடையாக வைத்து, வில்லைகளுக்கும் மூடிக்கும் இடையே மெல்லிய ஃபோம் தாள் ஒன்றை இடுங்கள். வெளிர் நிற வில்லைகளின்மேல் வேறு நிறத் தூள் படிந்தால், உலர்ந்த டிஷ்யூ தாளால் மேற்பரப்பை ஒருமுறை துடைத்தால் பழைய நிறம் தெளிந்து வரும். விழுந்து நொறுங்கிய வில்லையையும் எறிய வேண்டியதில்லை. தூளை மூடியுள்ள சிறு டப்பாவில் சேர்த்து வைத்தால், பஞ்சால் பின்னணி பூசும் வேலைக்கு அது வில்லையைவிட வசதியாகவே இருக்கும்.