காலை ஒன்பது என்றால் யாருடைய ஒன்பது?

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அரை மணி நேர வித்தியாசம் புதிதல்ல. 1996 இல் இலங்கை அரசு மணிக்கூட்டை முன்னே தள்ளியபோது, புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்திலேயே நின்றன. 2002 இல் வன்னிக்கூடாக யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்த பிறகும், சோதனைச்சாவடி இருந்த ஓமந்தையைக் கடந்தால் மணி மாறும். 2006 ஏப்ரலில்தான் கொழும்பும் பழைய நேரத்துக்குத் திரும்பியது. இன்று கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்து சேர்வர்களைக் கண்காணிக்கும் எங்கள் பிள்ளைகள் வேறொரு அரை மணியில் தடுக்கி விழுகிறார்கள்.

சேர்வர்களின் அளவீடுகளைச் சேகரிக்கும் மென்பொருளான புரொமீதியஸில் மணியைத் தரும் ஃபங்ஷன் யூடிசி நேரத்தையே, அதாவது உலகப் பொது நேரத்தையே சொல்லும். எங்கள் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. அலுவலக நேரம் என்று நினைத்து 9 முதல் 17 வரை வடிகட்டினால், கையில் வருவது எங்கள் பின்னேரம் 2.30 முதல் இரவு 10.30 வரையான தரவு. அந்தத் தரவை வரைபடமாகக் காட்டும் கிராஃபானாவில் நேர வலயத்தைக் கொழும்புக்கு மாற்றினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அதனால் மாறுவது திரையில் தெரியும் நேரம் மட்டும். தரவைக் கேட்டெடுக்கும் குவெரி அப்படியே இருக்கும்.

ஐந்து மணியைக் கூட்டிச் சமாளிப்பதும் சரிவராது. அந்த ஃபங்ஷன் முழு மணியை மட்டுமே தருவதால் அரை மணி விடுபட்டுப்போகும். மணியைப் பிரித்தெடுக்கும் முன்பே நேரத்தோடு 19,800 விநாடிகளைக் கூட்டுங்கள். கிழமைக்கும் இதையே செய்யுங்கள். செய்யாவிட்டால் திங்கள் விடிய 5.30 வரை கணக்கில் ஞாயிறுதான்.

இரவு 10 முதல் விடிய 5 வரை வேண்டுமென்றால் ‘10 க்குப் பிறகு’, ‘5 க்கு முன்’ என்ற இரண்டு நிபந்தனைகளையும் ‘அண்ட்’ (and) போட்டு இணைக்காதீர்கள், ஒன்றும் வராது. அங்கே ‘ஓர்’ (or) வேண்டும். எச்சரிக்கைகளை அனுப்பும் அலேர்ட்மனேஜரில் நள்ளிரவைத் தாண்டும் இடைவெளியை இரண்டாக உடைத்து எழுத வேண்டும். நேர வலயத்தையும் குறிப்பிடுங்கள், விட்டால் அதுவும் யூடிசிதான்.

இன்னொன்று: ஒரு எண்ணிக்கை ஒரு மணி நேரத்தில் ஏறிய வேகத்தைக் (rate) கணக்கிட்டால், ஒன்பது மணிப் புள்ளியில் இருப்பது எட்டு முதல் ஒன்பது வரை நடந்தது.

என் பார்வையில் எல்லாவற்றிலும் மோசமான தவறு, இல்லாத தரவைக் கவனிக்காமல் விடுவது. 2022 மார்ச் 31 அன்று நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. கண்காணிக்கும் கணினியே அணைந்துபோனால் அந்த நேரத்துக்குப் பூச்சியம் பதிவாகாது, ஒன்றுமே பதிவாகாது. மிஞ்சிய நல்ல மணிகளின் சராசரி அழகாகத்தான் தெரியும். அந்த நேரத்தில் வேலை செய்ய முடியாமல் தவித்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். ஆகவே சராசரிக்குப் பக்கத்தில் பதிவுகளின் எண்ணிக்கையையும் எப்போதும் காட்டுங்கள். 15 விநாடிக்கு ஒருமுறை எடுத்தால், எட்டு மணி நேரத்துக்கு 1,920 பதிவுகள் இருக்க வேண்டும். 900 தான் இருக்கிறதென்றால், மீதி எங்கே போனது என்று தேடி முடிக்கும்வரை அந்தச் சராசரியை அறிக்கையில் போடாதீர்கள்.