மின்படகு பேட்டரி: ஃப்யூஸை எங்கே வைப்பது?

மின்படகில் ஃப்யூஸ் இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். பலர் எட்டுவதற்கு வசதியாக மோட்டார் பக்கத்தில் மாட்டிவிடுகிறார்கள். ஆனால் ஃப்யூஸ் காப்பது தனக்கு அப்பால் உள்ள ஒயரை மட்டும்தான். பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் நடுவே ஒயர் உரசி, மேலுறை கிழிந்து ஷார்ட் ஆனால் தடுக்க எதுவும் இல்லை. பாசிட்டிவ் முனையிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃப்யூஸ் இருக்கட்டும். அதன் ஆம்பியர் அளவு ஒயரின் தாங்குதிறனைத் தாண்டக் கூடாது.

அப்புறம், தளர்ந்த இணைப்பு. 100 ஆம்பியர் ஓடும்போது வெறும் 0.01 ஓம் தடை இருந்தாலே அந்த ஒரே இடத்தில் 100 வாட் வெப்பம் உண்டாகும். பெரிய சால்டரிங் அயர்ன் மாதிரி! படகு அதிர்ந்துகொண்டே இருக்கும், உப்புக்காற்றும் செம்பை அரிக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் கொஞ்சம் விலை கூடுதல்தான். நான் அதில் மிச்சம் பிடிக்க மாட்டேன். அரை மணி நேரம் ஓட்டியபின் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, முனைகளுக்கு அருகே ஒயரின் மேலுறையைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் அந்த இணைப்பு சரியில்லை.

வேலை செய்யும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், ஸ்பானர் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.